1453-ஐ வைத்து மறுமலர்ச்சியை விளக்க முடியுமா?

ஜூன் 3 (ஒரு வாசகரின் கேள்வி)

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் சுவடிகளோடு இத்தாலிக்கு ஓடி வந்தார்கள், அதனால்தான் ஐரோப்பாவில் மறுமலர்ச்சி வந்தது என்று எல்லா கைடிலும் போட்டிருக்கிறது. மெடிச்சி குடும்பம் பணம் கொடுத்தது, ஓவியர்கள் வரைந்தார்கள். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

ஜூன் 3, இரவு

நிறைய இருக்கிறது தம்பி. முதலில் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நோவெல்லா தேவாலயச் சுவரில் மசாச்சோ 'திரித்துவம்' வரைந்தது 1427 வாக்கில். தட்டைச் சுவருக்குள் ஒரு மண்டபமே இருப்பதுபோல் தெரியும். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அந்த ஊர்ப் பேராலயத்தின் குவிமாடத்தை 1420-இல் தொடங்கி 1436-இல் மூடிவிட்டார். ஓவியத்தில் ஆழத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் விதிகளை ஆல்பெர்த்தி 1435-இல் எழுதினார். கிரேக்க மொழி? கிரேக்க அறிஞர் மானுவல் கிரிசொலோரஸை ஃபுளோரன்ஸ் அரசே சம்பளம் பேசி அழைத்து வந்தது 1397-இல். இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் 1453 வருகிறது.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு டீச்சர், "அப்படியென்றால் கிரேக்கர்களுக்குப் பங்கே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பங்கு உண்டு. கிழக்கு, மேற்குத் திருச்சபைகளை இணைக்கும் சங்கத்துக்காகக் கிரேக்க ஆயர் பெஸ்ஸாரியன் 1438-இல் இத்தாலிக்கு வந்தார். பிறகு கர்தினால் ஆனார். கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்த செய்தி கேட்டபின் கிரேக்கச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, 1468-இல் அத்தனையையும் வெனிஸ் நகருக்குக் கொடுத்தார். அதே வெனிஸில் ஆல்டஸ் மனுசியஸ் 1495-லிருந்து அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்திலேயே அச்சிட்டார். அந்த அச்சகத்தில் கிரேக்கர்கள் வேலை பார்த்தார்கள். ஆக, ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் 1453 தண்ணீரைக் கூட்டியது. ஊற்று அது இல்லை.

தேர்வில் என்ன எழுதுவது என்றால், விடைக்குறிப்பில் 1453 இருந்தால் அதையே குறியுங்கள். மதிப்பெண்ணை விட வேண்டாம். ஆனால் மனதில் 1397-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆடிட்டர் ஆபீசில் பேரேடு பார்த்துப் பிழைப்பவன். மறுமலர்ச்சிக்குள் என்னை இழுத்துப் போனது கணக்குப் புத்தகம்தான், ஓவியம் பிறகுதான் வந்தது.

ஜியோவன்னி வில்லானி என்ற ஃபுளோரன்ஸ் வணிகர் 1338 வாக்கில் தன் ஊரைப் பற்றி எழுதும்போது, ஆறு பள்ளிகளில் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு பையன்கள் கணக்கு படிக்கிறார்கள் என்கிறார். அபாக்கஸ் பள்ளி என்று பெயர், ஆனால் மணிச்சட்டம் கிடையாது. தாளில் எழுதிப் போடும் கணக்கு. அதற்கான எண்கள் நம் பக்கத்திலிருந்து போனவை. பீசா நகரத்து ஃபிபொனாச்சி, வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் தன் தந்தை வேலை பார்த்த இடத்தில் அவற்றைக் கற்று, 1202-இல் எழுதிய நூலின் தொடக்கத்திலேயே 'இந்தியரின் ஒன்பது எண்கள்' என்று நன்றியோடு சொல்லியிருக்கிறார். கூடவே பூஜ்யம்.

அந்தப் பள்ளிகளில் மேலோங்கிய பாடம் மூன்று எண் விதி. இத்தனை முழம் துணி இத்தனை காசு என்றால் அத்தனை முழம் எவ்வளவு? ஆரியபட்டரே 499-இல் சூத்திரமாக எழுதிவைத்த அதே விதி. கலப்படத் தங்கத்தின் மாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபப் பங்கு, நாணய மாற்று எல்லாவற்றுக்கும் இதுதான். பத்துப் பதினோரு வயதில் ஒரு பையன் விகிதத்தை இரவும் பகலும் போட்டுக்கொண்டே இருப்பான். அவன் வளர்ந்து வணிகனாகி ஒரு படத்தின் முன்னால் நின்றால், அந்தத் தூணுக்கும் இந்த மனிதனுக்கும் உள்ள விகிதம் சரியா என்று கண் தானாகவே பார்க்கும். ஓவியனும் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். என் வாதம் அவ்வளவுதான்.

ஜூன் 7, சற்றுப் பின்

சான்று கேட்பார்கள் என்பதால் இப்போதே: 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' வரைந்த பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வணிகர்களுக்காகக் கணக்குப் புத்தகம் எழுதியவர். அதில் ஒரு பீப்பாய்க் கணக்கு: இரண்டு முனைகளின் விட்டமும் 2 பிராச்சோ (அந்தக் காலத்து நீள அளவு), நடு வயிற்றில் 2¼, இரண்டுக்கும் பாதி வழியில் 2 2/9, நீளம் 2 பிராச்சோ. கொள்ளளவு என்ன? அந்தக் காலத்தில் சரக்கு வந்த பீப்பாய்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வாங்குகிறவன் கண்ணாலும் கோலாலும் அளந்துதான் காசு கொடுக்க முடியும். அவருடைய படங்களில் கூடாரம், தொப்பி, தூண் எல்லாம் உருளையாகவும் கூம்பாகவும் அவ்வளவு திடமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பீப்பாய்தான் ஞாபகம் வரும்.

ஜூன் 11

"கலையைக் கணக்குப்பிள்ளை வேலையாக்கிவிட்டீர்கள்" என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்காக ஒரு பத்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

1485 அக்டோபர் 23. ஃபுளோரன்ஸின் அனாதைக் குழந்தைகள் இல்லமான இன்னொசெந்தியின் தலைவர் பிரான்செஸ்கோ தெசோரியும் ஓவியர் டொமினிகோ கிர்லாண்டாயோவும் ஒப்பந்தம் போடுகிறார்கள். மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் படம், மரப்பலகையில். தாளில் வரைந்து காட்டிய மாதிரிப்படியே இருக்க வேண்டும். ஓவியர் தன் கையாலேயே வரைய வேண்டும். வண்ணம், தங்கப்பொடி எல்லாம் ஓவியர் செலவு. நீலம் மட்டும் அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் (ஃபுளோரன்ஸின் தங்க நாணயம்) மதிப்புள்ள அல்ட்ராமரீனாக இருக்க வேண்டும். முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும். மொத்த விலை 115 ஃபுளோரின், மாதம் மூன்று ஃபுளோரினாகத் தரப்படும். முடிந்ததும் படம் அந்த விலை பெறுமா என்று தலைவரே தீர்மானிப்பார், பெறாது என்றால் குறைத்துக்கொள்வார். முப்பது மாதக் கெடு தவறினால் ஓவியருக்கு 15 ஃபுளோரின் அபராதம்.

இத்தனை கெடுபிடிக்குள் வந்த படம் எப்படி இருக்கிறது தெரியுமா? மகள் அங்கே படித்த காலத்தில் போயிருந்தபோது அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அந்த ஊரின் பெரிய ஓவியக்கூடமான ஊஃபிசியில் இருந்த கூட்டம் இங்கே இல்லை. நடுவில் மரியாளின் நீல மேலாடை. அரசர்களுக்கு முன்னால், நம் பக்கமாக, வெள்ளை உடையில் இரண்டு சின்னக் குழந்தைகள் மண்டியிட்டிருக்கின்றன. குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது அரசன் கொன்ற பச்சிளம் குழந்தைகளைக் குறிப்பவை. உடம்பில் வெட்டுக் காயம், ரத்தக் கோடு மெல்லியதாக. பின்னணியில் அந்தப் படுகொலையே சிறியதாக நடந்துகொண்டிருக்கிறது. பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைகளை வளர்த்த இடத்தின் பலிபீடத்தில் இந்தப் படம் இருந்தது. அங்கே வளர்ந்த ஒரு பிள்ளை இதைத் தினமும் பார்த்திருக்கும். கணக்கும் கருணையும் ஒரே பலகையில் இருக்க முடியும் நண்பரே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜூன் 12

நீலத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்டவருக்கு: அல்ட்ராமரீன் செய்ய லாபிஸ் லசூலி கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வர வேண்டும். வந்தாலும் அரைத்தால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். பொடியைப் பைன் பிசின், மெழுகு, மஸ்திக் பிசினோடு பிசைந்து, அந்த உருண்டையைக் காரநீருக்குள் இரண்டு குச்சியால் அழுத்தி அழுத்தி நீலத்தை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். முதல் பிழிவு உயர்ந்தது, அடுத்தடுத்து வெளுத்துக்கொண்டே போகும். அதனால்தான் ஒப்பந்தத்தில் அவுன்ஸ் விலையையே எழுதிவிடுகிறார்கள்.

ஜூன் 18

ஒரு வாரமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கணக்குதான் காரணம் என்றால் இத்தாலியின் இன்னொரு வணிக நகரமான ஜெனோவா என்ன ஆயிற்று?

ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுப் பேரேடு இன்றும் இருக்கிறது. முழுமையான இரட்டைப் பதிவு, அதாவது ஒவ்வொரு பரிமாற்றமும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில். அதில் மிளகுக்கே தனிக் கணக்கு: வாங்கியது ஒரு பக்கம், விற்றது ஒரு பக்கம், கடைசியில் நஷ்டம் எடுத்து மாற்றப்பட்டிருக்கிறது. நம் மலபார் மிளகு வேறு எங்கெல்லாமோ கைமாறி அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஜெனோவா ஒரு மசாச்சோவையோ சிற்பி டொனாட்டெல்லோவையோ தரவில்லை. ஆகவே கணக்கு தேவை, ஆனால் அது மட்டும் போதாது. ஃபுளோரன்ஸில் கூடுதலாக என்ன இருந்தது?

என் விடை: ஊரறியப் போட்டி. 1401-இல் ஞானஸ்நான மண்டபத்தின் வெண்கலக் கதவுக்குப் போட்டி வைத்தது கலிமாலா என்ற துணி வணிகர் சங்கம். ஏழு பேர் கலந்துகொண்டார்கள், 34 நடுவர்கள். ஆபிரகாம் மகனைப் பலியிடும் காட்சியைச் செய்ய வேண்டும். கடைசியில் நின்றவர்கள் கிபர்ட்டியும் புருனெல்லெஸ்கியும். இரண்டு பேருடைய வெண்கலப் பலகைகளும் இன்று பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே இருக்கின்றன. கிபர்ட்டியுடையது கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. அதனால் ஏழு கிலோவுக்குப் பக்கமாக எடை குறைவு. கதவு முழுக்க அப்படி 28 பலகை என்றால் எவ்வளவு வெண்கலம் மிச்சம் என்று துணி வணிகர்கள் கணக்குப் போடாமலா இருந்திருப்பார்கள்! ஆனால் பாருங்கள், கிபர்ட்டியின் ஈசாக்கின் உடம்பு அப்படி ஒரு அழகு. மலிவானதும் மேலானதும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

ஓர்சான்மிக்கேல் கட்டடத்தைச் சுற்றி ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் ஒரு மாடம். அதில் தங்கள் காவல் புனிதரின் சிலையை நிறுத்த வேண்டும். கலிமாலாக்காரர்கள் கிபர்ட்டியிடம் வெண்கலத்தில் யோவானைச் செய்து வைத்துவிட்டார்கள். நாணய மாற்று வங்கியர் சங்கம் சும்மா இருக்குமா? 1419-இல் அதே கிபர்ட்டியோடு மத்தேயுவுக்கு ஒப்பந்தம் போடும்போது, கலிமாலா சிலையின் உயரமாவது இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தாலும் சரி என்று எழுதி வாங்கினார்கள். தெருவில் போகிற எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே செய்தது. அளக்கத் தெரிந்த கண், ஒப்பிடத் தெருவில் கிடைக்கும் வாய்ப்பு, தோற்றவன் விடாமல் திரும்பி வருவது. இந்த மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்தன.

ஜூன் 19

தோற்றவன் திரும்பி வந்த கதை குவிமாடம். 1418-இல் கம்பளிச் சங்கத்தின் பொறுப்பில் போட்டி. அந்த அகலத்துக்குக் கீழிருந்து மரச்சாரம் கட்டினால் ஒரு காடே வேண்டும். புருனெல்லெஸ்கி சாரமே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். செங்கல்லை மீன்முள் வரிசையில், இடையிடையே நட்டுக்குத்தாக வைத்து, சாந்து காயும்முன் சரிந்துவிடாமல் பிடிக்க வைத்தார். மாடு இழுக்கும் பாரந்தூக்கியில் மாட்டைத் திருப்பாமலே ஏற்றவும் இறக்கவும் பல்சக்கரத்தை மாற்றும் வசதி செய்தார்.

கூட்டுப் பொறுப்பாளராக அதே கிபர்ட்டியை அதே சம்பளத்தில் போட்டுவிட்டார்கள். உடனே புருனெல்லெஸ்கிக்கு 'உடம்பு சரியில்லை'. படுக்கையை விட்டு எழவில்லை. வேலை அப்படியே நின்றுபோய், கிபர்ட்டியால் அடுத்த வரிசை சொல்ல முடியவில்லை என்று ஊருக்கே தெரிந்தது. அவர் வரலாற்றை எழுதிய மனெத்தி சொல்லும் கதை இது. எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். 1434-இல் கொத்தர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைச் சிறையிலேயே போட்டார்கள். கட்டட நிர்வாகம் தலையிட்டு வெளியே கொண்டுவந்தது.

ஜூன் 26

மெடிச்சி பற்றி எழுதவே இல்லையே என்கிறார்கள். சரி.

1397-இல் ஜியோவன்னி தி பிச்சி தொடங்கிய வங்கி. ரோம், வெனிஸ், ஜெனீவா, புரூஜ், லண்டன் என்று கிளைகள். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலத்தில் வங்கி எப்படிப் பிழைத்தது? மாற்றுச் சீட்டால். ஃபுளோரன்ஸில் ஒருவருக்கு ஃபுளோரின் கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து லண்டனில் அதற்கு ஈடான ஸ்டெர்லிங் தர வேண்டும் என்று சீட்டு. லண்டனில் வந்த பணத்தை மறுபடி சீட்டாக்கி ஃபுளோரன்ஸுக்குத் திருப்புவார்கள். இரண்டு ஊரிலும் மாற்று விகிதம் வேறு, போய்வரும் வித்தியாசம் பெரும்பாலும் கொடுத்தவர் பக்கமே நிற்கும். ஆனால் நஷ்டமும் வரலாம். அந்த 'வரலாம்' இருப்பதால் அது கடன் இல்லை, நாணய மாற்று. அழகாகக் கட்டிய வழி.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. தான் சேர்த்த பணத்தில் எல்லாம் நேர்வழியில் வந்ததா என்ற சந்தேகத்தோடு ஜியோவன்னியின் மகன் கோசிமோ போப் யூஜினிடம் போனதாகவும், சான் மார்க்கோ மடத்தைக் கட்டிக்கொடு என்று அவர் சொன்னதாகவும் புத்தக வியாபாரி வெஸ்பாசியானோ எழுதுகிறார். அந்த மடத்தின் சின்ன அறைகளில்தான் ஃபிரா ஆஞ்செலிகோவின் சுவரோவியங்கள். 1434 முதல் 1471 வரை கட்டடம், தருமம், வரி எல்லாம் சேர்த்துக் குடும்பம் செலவழித்தது 6,63,755 ஃபுளோரின் என்று கோசிமோவின் பேரன் லொரென்சோ குறித்து வைத்திருக்கிறார். மாதம் மூன்று ஃபுளோரின் வாங்கிய கிர்லாண்டாயோவின் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பாருங்கள். பணம் நல்லபடியாகவே செலவானது என்ற திருப்தி லொரென்சோவின் குறிப்பில் தெரிகிறது. வங்கி என்னவோ 1494-இல் மூழ்கிவிட்டது.

இன்னொன்று. பிராட்டோ ஊர் வணிகர் டதினியின் பேரேடுகளின் தலைப்பில் 'கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று இருக்கும். பிள்ளையார் சுழி போட்டுப் புதுக் கணக்கு எழுதுகிற நமக்கு அது புதிதாக இருக்காது.

ஜூலை 2

பிளஸ் ஒன் கணக்கியல் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த பெயர் லூக்கா பாச்சோலி. இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. மேலே சொன்ன ஜெனோவாப் பேரேடு அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முந்தியது. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட முறையை 1494-இல் அச்சில் ஏற்றியவர் அவர். நாட்குறிப்பு, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று புத்தகம், ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்தில். இன்றும் நான் பையன்களுக்கு அதே வரிசையில்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பாச்சோலி பியரோவின் ஊர்க்காரர். மிலானில் லியொனார்டோ டா வின்சிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 'மூலங்களைப் பெருக்குவதை மாஸ்டர் லூக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொள்' என்று லியொனார்டோ தன் குறிப்பில் எழுதிவைத்தார். பாச்சோலியின் 1509 நூலுக்குச் சுமார் அறுபது கன உருவப் படங்களை வரைந்து கொடுத்ததும் லியொனார்டோதான். ஆனால் அதே நூலின் பின்பகுதியில், பியரோ லத்தீனில் எழுதிய ஐந்து சீர் திண்மங்கள் பற்றிய நூல் இத்தாலிய மொழியில் முழுசாக இருக்கிறது. பெயர் இல்லை. பியரோ 1492-லேயே இறந்துவிட்டார். எனக்கு இது பொறுக்கவே இல்லை. வரவு வைக்க வேண்டியவருக்கு வரவு வைக்காதது வேறு யார் செய்தாலும் சரி, இரட்டைப் பதிவுப் புத்தகத்தை எழுதியவர் செய்திருக்கக் கூடாது.

ஜூலை 10

பேரேட்டில் வராதவர்களையும் எழுத வேண்டும். ஃபுளோரன்ஸின் செல்வம் கம்பளித் துணியிலிருந்து வந்தது. அதைச் சீவி, சிக்கெடுத்து, அடித்த கூலிகளுக்குச் சங்கம் வைக்க உரிமையே கிடையாது. 1378-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், சியோம்பி எழுச்சி. சில வாரம் ஆட்சியிலேயே இடம் பிடித்தார்கள். பிறகு நசுக்கப்பட்டார்கள். பிளேக்கில் ஆள் குறைந்துபோனதால் 1363-இல் கிறிஸ்தவர் அல்லாதவர்களை அடிமையாகக் கொண்டுவர ஃபுளோரன்ஸ் அரசு அனுமதி கொடுத்தது. கருங்கடல் பக்கமிருந்து பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுக்கு எஜமான் வீட்டில் பிறந்த குழந்தைகள் பல இன்னொசெந்தி வாசலுக்குத்தான் வந்தன. 1445 பிப்ரவரி 5-இல் முதலில் சேர்ந்த பெண் குழந்தைக்கு அகதா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். கிர்லாண்டாயோ படத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்று தோன்றியது.

ஜூலை 15

விஞ்ஞானம் எங்கே என்று கேட்ட தம்பிக்கு. 1609-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைந்தார், கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே. ஒளியும் இருளும் சேரும் கோடு கோணல்மாணலாக இருந்தது, அதை அப்படியே வரைந்தார். கலிலியோ அதே கோணலைப் பார்த்து மலை என்றார், இருண்ட பக்கத்தில் தனியே ஒளிர்ந்த சிகரங்களை வைத்து உயரத்தையும் கணக்கிட்டார். கலிலியோ ஃபுளோரன்ஸில் வரைகலை பழகியவர். அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஒஸ்தீலியோ ரிச்சி ஓவியர்களின் கழகத்திலும் பாடம் நடத்தியவர். நிழல் விழுந்தால் அங்கே மேடு இருக்கிறது என்று அந்தக் கண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜூலை 16

பீப்பாய்க் கணக்குக்கு விடை கேட்டிருக்கிறீர்கள். பியரோ செய்கிற வழி இதுதான். பீப்பாயைத் தலை வெட்டிய கூம்புகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து பாதி வழி வரை: 2-இன் வர்க்கம் 4, 2 2/9-இன் வர்க்கம் 4 76/81, 2-ஐயும் 2 2/9-ஐயும் பெருக்கினால் 4 4/9. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 4 112/243. பாதி வழியிலிருந்து நடுவரை இதையே செய்தால் 5-க்கு ஒரு துளி மேல். இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் அரை பிராச்சோ நீளம், வகைக்கு இரண்டு, ஆகவே நீளத்தால் பெருக்க வேண்டிய வேலை இல்லை. கூட்டினால் 9.46 வரும். அது சதுர அடிப்பாகத்துக்கு. வட்டமாக்க 11/14-ஆல் பெருக்க வேண்டும், 22/7-இல் கால் பங்கு. விடை 7.43 கன பிராச்சோ. ஒரு பிராச்சோ 58 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1,450 லிட்டர் அளவுக்கு வரும். வகுத்தலில் எங்காவது இடித்தால் எழுதுங்கள், பின்னத்திலேயே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன்.